லோதேபாரில் இன்னும் யாராவது உண்டா?



இந்த மாதச் செய்திக்காக ஜெபித்துக் காத்திருந்த நாட்களில் ஆவியானவர் என்னை 2 சாமுவேல் 9-ம் அதிகாரத்தை விட்டு நகரவிடவில்லை. எத்தனையோ மேடைகளில் நான் பிரசங்கித்த அதிகாரம் அது. மேவிபோசேத் என்றாலே நமக்குக் கிருபை ஞாபகம் வரும், "அல்லேலூயா" என்போம், காணிக்கைப் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இந்தத் தடவை கர்த்தர் என்னை அப்படிப் போகவிடவில்லை. கடைசி வசனத்தைப் பார் என்று உணர்த்தினார். பார்த்தேன். அவன் எருசலேமுக்கு வந்து குடியேறிவிட்டான். தினந்தோறும் ராஜாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆனாலும் அவன் கால் இரண்டும் பழையபடி முடந்தான்.

கால் சுகமாகவில்லை. வாழ்க்கையோ திரும்பக் கட்டப்பட்டது. பிரியமானவர்களே, இந்த ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்ள ஒரு பெந்தெகொஸ்தே ஊழியக்காரனாகிய எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. அது எப்படி என்று சொல்லுகிறேன்.

நம்முடைய சபைக்கு ஒரு விதவைத் தாயார் வந்துகொண்டிருந்தார்கள். கூடவே அவர்கள் மகன். மீசை தாடியெல்லாம் வளர்ந்த வாலிபன், ஆனால் பேச்சு கிடையாது. நாலைந்து வார்த்தைகள் உண்டு, அதுவும் நாம் கேட்கும்போது வராது. யார் முகத்தையும் பார்க்க மாட்டான். டிரம்ஸ் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடிப்போய் வேப்பமரத்தடியில் நிற்பான். அங்கே நின்று ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். எந்த பஸ் எத்தனை மணிக்குப் போகும் என்பது டிரைவருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவனுக்குத் தெரியும்.

2012-ல் கன்வென்ஷன் வைத்தோம். மூன்றாம் நாள் இராத்திரி, விடுதலைக்கான ஜெப நேரத்தில், அவனை மேடைக்குக் கூட்டிவரச் சொன்னேன். ஊமையான ஆவி என்று நானே மைக்கில் சொன்னேன். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். தலையில் கைவைத்து சத்தமாய் ஜெபித்தோம். ஸ்பீக்கர் அவன் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் அலறினான், திமிறினான், ஒரு சகோதரனுடைய கையைக் கடித்தான். பிசாசு வெளிப்படுகிறது என்று ஜனங்கள் இன்னும் சத்தமிட்டார்கள். அந்தத் தாய் மேடைக்குக் கீழே நின்று அழுதது இன்றைக்கும் என் கண்ணுக்கு முன்னாலே இருக்கிறது. சந்தோஷக் கண்ணீர் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்புறம் மூன்று வருஷம் அவர்கள் சபைக்கு வரவில்லை.

நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "அவன் பேசாட்டா போறான் பாஸ்டரய்யா. எனக்குப் பொறவு இவன யாரு பாப்பா?"

பதில் சொல்ல எனக்கு ஒரு வசனம்கூட வரவில்லை.

அவனுக்கு இருந்தது ஆட்டிசம். மதி இறுக்கம் என்றும் சொல்லுகிறார்கள். அது பிறவியிலேயே வருகிற ஒன்று. மூளை வளருகிற விதத்தில் உள்ள வித்தியாசம். தொற்றுநோய் அல்ல, பைத்தியம் அல்ல, பேய் அல்ல. ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களே, தாய் சரியாய் அன்பு காட்டாததால் வந்தது என்று எழுதி, ஏற்கெனவே நொந்துபோன தாய்மாரை இன்னும் நோகடித்தார்கள். அது தப்பு என்று பின்னால் நிரூபணமானது. யோவான் 9-ல் சீஷர்களும் அதே கேள்வியைத்தான் கொண்டுவந்தார்கள்: யார் செய்த பாவம், இவனா, பெற்றோரா? இரண்டும் இல்லை என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். நாம் மட்டும் ஏன் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போகிறோம்?

மாற்கு 7-ஐயும் அந்த நாட்களில்தான் புதிதாய் வாசித்தேன். செவிடும் திக்குவாயுமான ஒருவனைக் கொண்டுவந்தபோது இயேசு என்ன செய்தார்? கூட்டத்திலிருந்து பிரித்து, ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனார். நானோ கூட்டத்தின் நடுவில் கொண்டுவந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி விடியற்காலம் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் மாண்டுபோனார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. அவர்கள் மனநோயாளிகள், மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு, நான் இரண்டையும் குழப்பவில்லை. ஆனால் வீட்டார் கைவிட்டபின் போக இடமில்லாதவர்களின் கதி அங்கே தெரிந்தது. அது தர்காவைச் சுற்றி நடந்ததுதானே என்று நாம் விரல் நீட்ட வேண்டாம். சங்கிலி போட்ட ஜெப வீட்டையும் நான் என் கண்ணாலே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "ஸ்தோத்திரம் பிரதர்" என்று சொல்லி டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

சரி, தாவீதிடம் வருவோம். சவுலின் வீட்டாரில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று அவன் தானாகத் தேடுகிறான். யாரும் மனுப் போடவில்லை. அரண்மனை வாசலில் யாரும் கெஞ்சவில்லை. சீபா என்ற வேலைக்காரன் வந்து பதில் சொல்லுகிறான். கவனியுங்கள்: யோனத்தானுக்கு ஒரு மகன் இருக்கிறான், கால் இரண்டும் முடம் என்கிறான், பேரைச் சொல்லவில்லை! அவனுக்கு அந்த மனுஷன் வெறும் முடவன்தான். ஆனால் அவன் வந்து முகங்குப்புற விழுந்தபோது தாவீதின் வாயிலிருந்து முதலில் வந்தது பேர். "மேவிபோசேத்!" பயந்து நடுங்கி, தன்னைச் செத்த நாய் என்று சொல்லிக்கொள்கிறவனை ராஜா பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். நம்முடைய சபையிலும் அந்த வாலிபன் முப்பது வயதுவரை "அந்தப் பேசாத பையன்"தான். அவனுக்கு ஒரு பேர் உண்டு. இந்தப் பத்திரிகையில் அதை அச்சிட மாட்டேன். ஆனால் இப்போது சபையில் அந்தப் பேரால்தான் கூப்பிடுகிறோம்.

ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்தவன் (2 சாமுவேல் 4) வாலிபனாகி, கல்யாணமாகி, மீகா என்ற பிள்ளைக்கும் தகப்பனாகும்வரை எங்கே இருந்தான்? லோதேபாரில், மாகீர் என்பவனுடைய வீட்டில். லோதேபார் என்றால் மேய்ச்சலில்லாத இடம் என்று பிரசங்கிமார் சொல்லுவோம். வார்த்தை இல்லாத இடம் என்றும் எடுக்கலாம் என்பார்கள். ராஜாவாகவும் இல்லாமல், சொந்தக்காரனாகவும் இல்லாமல், அத்தனை வருஷம் வீட்டில் வைத்துச் சோறு போட்ட இந்த மாகீரைப்பற்றி யாராவது பிரசங்கித்து நீங்கள் கேட்டதுண்டா? இதே மாகீர் பின்னாலே தாவீது அப்சலோமுக்குத் தப்பி ஓடினபோது மெத்தைகளும் பாத்திரங்களும் கோதுமையும் வாற்கோதுமையும் கொண்டுவந்து இறக்கினான் (2 சாமுவேல் 17). கொடுத்துப் பழகின கை அது.

தாவீது கொடுத்தது மூன்று. நிலம் கொடுத்தான், சவுலின் நிலங்களெல்லாம் திரும்ப வந்தது. அந்த நிலத்தில் உழைக்க ஆள் கொடுத்தான். சீபாவும் அவனுடைய 15 பிள்ளைகளும் 20 வேலைக்காரரும். பந்தியில் இடம் கொடுத்தான். ஒருநாள் விருந்தல்ல, தினமும். நாம் என்ன செய்கிறோம்? கிறிஸ்மஸுக்கு ஒரு வேட்டி, ஒரு கேக்கு, ஒரு போட்டோ. மற்ற 364 நாளும் அவன் லோதேபாரில்.

2019-ல் அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஒரு சகோதரி போய்ப் பார்த்தபோது அவன் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டு, அம்மாவின் பாயிலே உட்கார்ந்திருந்தான். விதவைப் பென்ஷன் அம்மாவோடு நின்றுபோனது. வாடகை வீடு. கல்யாணமான அக்கா ஒருத்தி பக்கத்து ஊரில். அவளுக்கு மனமுண்டு, அவள் வீட்டுக்காரருக்கு இல்லை. ஏதாவது ஹோமில் விட்டுவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

அந்த வாரம்தான் நான் டொனால்ட் ட்ரிப்லெட் என்பவரைப்பற்றி வாசித்தேன். 1933-ல் அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். மூன்று வயதிலே, டாக்டர் சொல்கேட்டு, பெற்றோர் அவரை ஒரு விடுதியில் விட்டார்கள். பிள்ளை சிரிப்பை மறந்து ஒடுங்கிப்போனது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, இனி விடமாட்டோம் என்று திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் ஆட்டிசத்தைப்பற்றி முதன்முதல் எழுதின கட்டுரையில் 11 பிள்ளைகளை விவரித்தார். அதில் முதல் பிள்ளை இவர்தான்.

ஊருக்கு வெளியே ஒரு விவசாயியும் மனைவியும் அந்தப் பிள்ளையைச் சில வருஷம் வைத்துப் பார்த்தார்கள். படிப்பாளிகள் அல்ல, குடியானவர்கள். பிள்ளைக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். சரி, கிணறு தோண்டு, எத்தனை ஆழம் என்று அளந்து சொல் என்றார்கள். செத்த குருவியையும் பூச்சியையும் சேர்த்துவைப்பான். அதற்கென்று கொஞ்சம் இடம் கொடுத்து, புதைத்துக் கல் நாட்டச் சொன்னார்கள். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருப்பான். எண்ணாதே என்று அடிக்கவில்லை. உழுதுகொண்டே எண்ணு என்று ஏரையும் குதிரையையும் கையில் கொடுத்தார்கள்! டாக்டர் கானர் போய்ப் பார்த்தபோது அந்தப் பிள்ளை ஆறு நீண்ட வரிசை உழுது, குதிரையை அழகாய்த் திருப்பிக் கொண்டுவந்ததாம். பிள்ளை வளர்ந்து, காலேஜ் முடித்து, குடும்பத்தாருடைய பேங்கில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, கார் ஓட்டி, தனியாய் ஊர் உலகமெல்லாம் சுற்றி, 2023 ஜூனில் 89-வது வயதில், ஊராரெல்லாம் அறிந்த மனுஷனாகக் காலமானார். ஆட்டிசம் அவரை விட்டுப் போகவில்லை. ஊர் அவரைக் கைவிடவுமில்லை.

1971-ல் டாக்டர் கானர் அந்த 11 பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். அரசாங்கத்துப் பெரிய விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அனுப்புவது ஏறக்குறைய ஆயுள்தண்டனை மாதிரி என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

இதை ஜெபக்குழுவில் சொன்னபோது ஒரு மூப்பர் சரியான கேள்வி கேட்டார்: "பாஸ்டர், அந்த டொனால்டுக்குத் தாத்தா ஆரம்பிச்ச பேங்க் இருந்துச்சு. நம்ம தம்பிக்கு என்ன இருக்கு?" ஆவியானவர் அப்போதே என்னை உணர்த்தினார். தாத்தாவின் பேங்க் இல்லாதவனுக்கு சபையின் காணிக்கைப் பெட்டி எதற்கு இருக்கிறது?

ஒரு தனி நோட்டுப் போட்டோம். பணமாய்க் கொடுத்தவர்கள் கொஞ்சம்பேர். அரிசி கொடுத்தவர்கள் உண்டு. வீட்டுக்காரர் ஒரு இந்து சகோதரர். ஆறு மாத வாடகை வேண்டாம் என்றார். சில விசுவாசிகள் செய்யாததை அவர் செய்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஒவ்வொரு நாளைக்கு ஒரு குடும்பம் சாப்பாடு என்று முறை வைத்தோம். முதல் வாரமே தோல்வி! தினம் ஒரு புதுமுகம், தினம் ஒரு ருசி. தட்டைத் தூக்கி எறிந்தான். நம்முடைய ஞாயிறுபள்ளி டீச்சர் ஒருத்தி பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஏழு கட்டம் போட்டு, எந்த நாள் யார் வருவார்கள், என்ன சாப்பாடு என்று படம் வரைந்து சுவரில் மாட்டினாள். திங்கள் இட்லி என்றால் எல்லாத் திங்களும் இட்லி. அடுத்து என்ன என்று தெரிந்தபின் அவனுக்குப் பயம் குறைந்தது. மாதம் ஒன்றுக்குள் கூச்சல் பாதியாய்க் குறைந்துவிட்டது. நாற்பது நாள் உபவாசத்தில் நான் காணாததை ஒரு காலண்டர் அட்டையில் கண்டேன் என்றால், உபவாசத்தைக் குறைத்துச் சொல்லுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஜெபத்துக்குக் கர்த்தர் கொடுத்த பதில்தான் அந்த அட்டை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ்கள் நின்றன. அவனுக்கு உலகமே நின்றுவிட்டது. வெறும் ரோட்டைப் பார்த்து நின்று, சுவரில் தலையை மோதிக்கொண்டான். அப்போது நர்சரி வைத்திருக்கிற நம்முடைய சகோதரர் ஒருவர், "எங்கிட்ட விடுங்க, பாத்துக்கிடுதேன்" என்று கூட்டிப்போனார். செம்மண், மணல், தொழு உரம் கலந்து பையில் நிரப்பி, வரிசையாய் அடுக்குகிற வேலை. மற்றவர்கள் ஒரு பையில் கூட்டியும் ஒரு பையில் குறைத்தும் போடுவார்கள். இவன் நிரப்பினால் எல்லாப் பையும் ஒரே அளவு. வரிசை நூல் பிடித்தமாதிரி இருக்கும். ஒரு நாற்று வாடியிருந்தால் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது பை என்று விரலால் காட்டுவான். சோள வரிசை எண்ணின அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். சும்மா வேலை வாங்கவில்லை, கூலி உண்டு. முதல் கூலியைக் கையில் கொடுத்தபோது நோட்டுகளை முகர்ந்து பார்த்துவிட்டு அக்காவிடம் கொடுத்தானாம். அவள் போனில் சொல்லும்போது பேச முடியாமல் வைத்துவிட்டாள்.

இதெல்லாம் சுகமாய் நடந்தது என்று சாட்சி சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சீபாவைப்பற்றியும் சொல்ல வேண்டும். 2 சாமுவேல் 16-ஐயும் 19-ஐயும் வாசியுங்கள். உதவிக்கென்று வைக்கப்பட்ட அதே சீபா, மேவிபோசேத்தை வீட்டிலே விட்டுவிட்டு, அவனைப்பற்றிப் பொய் சொல்லி நிலம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டான். நம்முடைய தாவீதும் ஒரு தரப்பைக் கேட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டான். பின்பு மேவிபோசேத் கால் பேணாமல், தாடி திருத்தாமல், துணி வெளுக்காமல் வந்து நின்றபோதுதான் அவனிடமே விசாரித்தார்கள். பேச முடிந்தவனுக்கே இந்தக் கதி என்றால் பேசாதவனுக்கு?

நம்மிடத்திலும் நடந்தது. தம்பியின் ஏடிஎம் கார்டு உதவி செய்த ஒருவரிடம் பல மாதம் இருந்தது. கெட்ட எண்ணம் இருந்ததாய் நான் நினைக்கவில்லை, கணக்கும் இல்லை. அப்புறம்தான் விழித்துக்கொண்டோம். 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பொருந்தும். மாவட்ட அளவில் கலெக்டர் இருக்கிற கமிட்டியில் மனுக்கொடுத்து, பதினெட்டு வயது தாண்டினவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். அந்தப் பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். அக்காவே பாதுகாவலர் ஆனாள். அதே அறக்கட்டளையின் நிராமயா என்ற திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய்வரை வைத்தியக் காப்பீடு உண்டு, சேர்த்துவிட்டோம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டை, ஆபீஸ், சர்டிபிகேட் என்று அலைந்தது நம்முடைய வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள். ஆஸ்பத்திரி வரிசையில் அவனால் நிற்க முடியாது என்று இவர்கள் விடியற்காலமே போய் இடம்பிடித்து நின்றார்கள். மாற்கு 2-ல் கூரையைப் பிரித்து இறக்கின நாலு பேரை எனக்கு ஞாபகப்படுத்தினார்கள்.

நோட்டை இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு சபை முன்பாக வாசிக்கிறோம். அவனும் கூட இருப்பான். எண்களை வாசிக்கும்போது மட்டும் தலை நிமிர்ந்து கேட்பான்.

அவன் சுகத்துக்காக ஜெபிப்பதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டு சிலர் எழுதுகிறீர்கள். விடவில்லை. என் தேவனுடைய கை குறுகிப்போகவில்லை. ஆனால் அவர் பேசினால்தான் பந்தியில் இடம் என்று தாவீது மேவிபோசேத்துக்குச் சொல்லாத நிபந்தனையை நான் இனிச் சொல்லமாட்டேன். அவனைத் தொட்டு ஜெபிப்பதுமில்லை. தொட்டால் அவனுக்கு நோகும். நாற்றுகளுக்கு நடுவே, அவன் பை நிரப்பும்போது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மெதுவாய் ஜெபிப்பேன். சில நாள் ஒரு காலிப் பையை என் பக்கம் தள்ளிவிடுவான், நீயும் நிரப்பு என்கிறமாதிரி.

ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் தொடங்குமுன் வந்து பாட்டுப்புத்தகங்களை அடுக்குவான். பாட்டு வேளையில் வேப்பமரத்தடி. அன்பின் விருந்துக்கு உள்ளே வருவான். ஜன்னலோரம் அவன் இடம், அங்கே வேறு யாரும் உட்காருவதில்லை. போன மாதம் ஒரு புதுக் குடும்பம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. அவன் பக்கத்திலே நின்றுகொண்டே இருந்தான். அவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்துகொண்டார்கள்.

இன்னொரு காரியமும் உங்கள் ஜெபத்துக்கு. இவனைப்பற்றிக் கேள்விப்பட்டு, இரண்டு ஊர் தள்ளி ஒரு வயதான தகப்பனார் வந்திருந்தார். அவருக்கு ஒரே மகள், அதே நிலைமை. பெண்பிள்ளை, வெளியே அனுப்பப் பயந்து இத்தனை வருஷம் வீட்டைவிட்டே இறக்கவில்லை. ஆண்கள் போய்ப் பார்க்கிற காரியமல்ல, சகோதரிகள்தான் போக வேண்டும். தனியாய் ஒருவர் அல்ல, இரண்டு பேராய். அவளுக்கு முறம் புடைக்கப் பிடிக்குமாம், மணிக்கணக்கில் புடைப்பாளாம். மளிகைக்கடை வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

திங்கள், புதன், சனி மூன்று நாளுக்கும் சகோதரிகள் பேர் கொடுத்துவிட்டார்கள். வியாழனுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வரக்கூடியவர்கள் ஆராதனை முடிந்ததும் போதகரம்மாவை வந்து பாருங்கள்.